டோரிஸ் டே முதலில் பாடகி
நடிகர் ராக் ஹட்சனோடு நடித்த காதல் நகைச்சுவைப் படங்கள்தான் ஹாலிவுட் நடிகை டோரிஸ் டேயின் உச்சம், பாட்டு அவருக்குக் கூடுதல் தகுதி மட்டுமே என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நடனத்தில் பேரெடுக்க நினைத்தவர், 1937இல் கார் விபத்தில் கால் முறிந்து கிடந்தபோது வானொலியில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பாட்டுக்கு வந்தார். லெஸ் பிரவுன் இசைக்குழுவோடு பாடி 1945இல் அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கிய பிறகே, 1948இல் முதல் படம். அவர் நடிப்பே அந்தப் பாட்டிலிருந்து பிறந்தது என்பேன். இயக்குநர் ஹிட்ச்காக்கின் 1956 படமான ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’சில் இவர் ஒரு தாய்; கடத்தப்பட்ட மகன் தூதரக மாடியில் அடைபட்டுக் கிடக்கிறான். கீழே விருந்தில் இவர் பியானோ முன் உட்கார்ந்து ‘கே செரா செரா’வை உரக்க, தேவைக்கு மேல் உரக்கப் பாடுகிறார். கேமரா படியேறிப் போகிறது, குரலும் கூடவே போகிறது. அத்தனை இனிய குரலை வேண்டுமென்றே முரடாக்கி ஒரு தாயின் தவிப்பைக் காட்ட வெறும் நகைச்சுவை நடிகையால் முடியுமா? (நம் ‘ஆரவல்லி’யில் ஜிக்கி பாடிய ‘சின்னப் பெண்ணான போதிலே’க்கு மூலம் இந்த மெட்டுதான்.) மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், அவருக்குக் கனமான வேடமே அமையவில்லை என்கிறார். 1955இல் வந்த ‘லவ் மீ ஆர் லீவ் மீ’யைப் பாருங்கள். பாடகி ரூத் எட்டிங்காக இவர், அவரை ஆட்டிப்படைக்கும் ரவுடிக் கணவனாக ஜேம்ஸ் கேக்னி. கேக்னிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, ஈடுகொடுத்து நடித்த இவருக்குக் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தைக் கட்டுரை ஒரு வரியாவது தொட்டிருக்க வேண்டும்.