நகைக்கடன் வட்டி எவ்வளவுடே?
மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் இரண்டு வாரப் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய நாள் முதல், பலசரக்குக் கடை அண்ணாச்சி தொடங்கி மேல ரத வீதிப் பெரியப்பா வரை எல்லோரும் கேட்பது, “ஒங்க பேங்க்ல நகைக்கடன் வட்டி எவ்வளவுடே?” என்பதுதான். அங்கே நகையை அடகு பிடிப்பதுமில்லை, சேமிப்புக் கணக்கு தொடங்குவதுமில்லை. நிறுவனங்கள் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வழிசெய்கிறார்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? 2022இல் எல்ஐசி பங்கு 949 ரூபாய்க்கு வெளியானதே, அதை நடத்திக் கொடுத்தவர்கள் இத்தகையவர்கள்தான் என்று விளக்கினால், “ஏலே, எனக்கு நட்டத்தைக் கொடுத்தது நீங்கதானா?” என்று வெற்றிலையை வாயில் அடக்கியபடியே பெரியப்பா சண்டைக்கு வருகிறார். நள்ளிரவு வரை கண்ணெரிய அட்டவணைகளைச் சரிபார்த்தேனே, அதை ஒருவராவது விசாரித்தார்களா? நேற்று தாமிரபரணிப் படித்துறையில், ஈரத் துண்டோடு நின்ற ஒருவர் கிழிந்த நோட்டை மாற்றித் தரக் கேட்கிறார்!