‘ப்ரூட்’ வேறு, ‘ப்ரூடன்ட்’ வேறு

ஆங்கிலத்தில் ‘ப்ரூடன்ட்’ (prudent) என்பது ‘ப்ரூட்’ (prude) என்ற சொல்லிலிருந்து பிறந்தது, ஆகவே இரண்டும் கூச்ச சுபாவக்காரரைத்தான் குறிக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல.

‘ப்ரூடன்ட்’ லத்தீன் ‘ப்ரூடென்ஸ்’ வழி வந்தது. அது ‘ப்ரோவிடென்ஸ்’, அதாவது முன்கூட்டியே பார்ப்பவர், என்பதன் சுருங்கிய வடிவம். நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே பிராவிடன்ட் ஃபண்ட், அந்தச் சொல்லுக்கும் இதுவே தாய். கூச்சத்துக்கு இதில் வேலையே இல்லை; வருவதை எண்ணி நடப்பவர் என்றுதான் பொருள்.

‘ப்ரூட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் அது மதிப்பிற்குரிய நல்ல பெண்ணைக் குறித்த புகழ்ச்சொல்லின் சுருக்கம். ஆங்கிலத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோதே, ஒழுக்கத்தைக் காட்டிக்கொண்டு எதற்கும் முகம் சுளிப்பவர் என்ற கேலிப் பொருளோடுதான் வந்தது. வேர்வழியில் அதற்கு நெருங்கிய உறவு ‘ப்ரவுட்’ (proud), ‘ப்ரூடன்ட்’ அல்ல.

உண்மையிலேயே ஒரே வேரில் பிறந்த ஜோடி வேண்டுமானால், ஒலிப்பும் ஒன்றாகவே உள்ள இரு ‘டிஸ்க்ரீட்’களைப் பாருங்கள். கடைசியில் ‘ஈஈடி’ (discreet) வந்தால் ரகசியம் காக்கும் நிதானம், ‘ஈடிஈ’ (discrete) வந்தால் தனித்தனியானது. இவற்றைத்தான் பலரும் எழுத்து மாற்றிப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.