அந்தப் போனுக்குள்ள நானும் அஞ்சு வருஷம் இருந்தேன்

தீபாவளி முடிஞ்ச நாள்ல இருந்து நெட்டுல என்னோட பக்கத்துல ஒரே மாதிரிப் படமா வந்துகிட்டு இருக்கு. வாழை இலையில சோறு, ஆட்டுக்கறி, வடை, முறுக்கு. இலைக்கு முன்னால ஒரு சொம்பு. சொம்புல சாய்ச்சு வச்ச போன். போனுக்குள்ள குவைத்துலயோ சவூதியிலயோ இருக்குற அம்மா சிரிச்சுகிட்டு இருக்கா. "அம்மாவும் எங்களோட தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டாங்க"ன்னு கீழ எழுதியிருக்கு. ஆளாளுக்கு இதயம் போட்டிருக்காங்க.

எனக்கு இதயம் போடக் கை வரல்ல. அம்மா சாப்பிடல்ல. அது எனக்குத் தெரியும். 2017ல இருந்து 2021 வரைக்கும் குவைத்துல வீட்டு வேலை செஞ்சுகிட்டு, அஞ்சு தீபாவளிக்கு அந்தப் போனுக்குள்ள இருந்தவ நான்.

இலங்கை மலையகத்துல எங்க ஊர் மஸ்கெலியாவுல விடிய அஞ்சரைன்னா குவைத்துல மூணு மணி. துணி துவைக்கிற அறையில மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல குந்திக்கிட்டு, சத்தத்தக் குறைச்சு வச்சுத்தான் ஐமோ ஆப்புல பேசுவேன். இலைக்கு முன்னால போன வச்சா அந்தப் பக்கம் இருக்குறவளுக்கு என்ன தெரியும்னு வைக்கிறவங்க யோசிக்கிறதில்ல. கூரைத் தகரம் தெரியும். கறியோட ஆவி பட்டு எல்லாம் மங்கிப் போகும். யாரோ வடை எடுக்கக் கை நீட்டுவாங்க, கை மட்டும் தெரியும். மகள் புதுச் சட்டையோட வந்து நிப்பா, முகம் தெரியாது, சட்டைப் பொத்தான் தெரியும். "அம்மாவுக்கு ஊட்டி விடு"ன்னு யாராவது சொன்னா, புள்ள சோத்த உருட்டி போன் கிட்டக் கொண்டு வரும். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் வாயத் திறந்து மென்னு காட்டுவேன்.

அஞ்சு மணிக்கு நான் வேலை செஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் சாப்பாடு கட்டணும். முதல் தீபாவளிக்கு நான் சாப்பிட்டது மத்தியானம் ரெண்டு மணிக்கு. முந்தின நாள் குபூஸ் ரொட்டியும் ஒரு துண்டு சீஸும். என்ன சாப்பிட்டேன்னு வீட்டுல யாரும் கேக்கல்ல. கேட்டிருந்தாலும் பிரியாணின்னுதான் சொல்லியிருப்பேன்.

எங்க தீபாவளிச் சாப்பாடு லேசுல வர்ற சாப்பாடு இல்ல. தேயிலைத் தோட்டத்துல குடுக்குற தீபாவளி முற்பணம்தான் அதுக்கு முதல். அந்தக் காச பொறகு மாசாமாசம் சம்பளத்துல கழிப்பாங்க. கறி செமிச்சு எத்தனையோ நாளைக்கு அப்புறமும் கறிக்குக் கடன் கட்டிக்கிட்டு இருப்போம். நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கிப் பங்கு போடும். ஐப்பசி மழையில விறகெல்லாம் நனஞ்சு புகையும். கண்ணு செவக்க ஊதிக்கிட்டே மாமியார் முறுக்கு புழிவாங்க. அதிரசத்துக்குப் பாகு பதம் பாக்குற நேரத்துல பக்கத்துல யாரும் வாயத் திறக்கக் கூடாது. விடிய எண்ணெ தேச்சுக் குளிச்சு, புது உடுப்புல மஞ்சள் வச்சு சாமிக்கு முன்னால அடுக்கி, செத்துப் போனவங்களுக்குப் படையல் போடுவோம். எங்க மாமனாருக்குத் தோசை, ஈரல் வறுவல், ஒரு சுருட்டு. அவர் வந்து சாப்பிடட்டும்னு கதவச் சாத்திட்டு எல்லாரும் இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, காத்துக்கிட்டு நிப்போம். எவ்வளவு பசியா இருந்தாலும் அதுக்குப் பொறகுதான் நமக்கு.

செத்தவங்களுக்கே தனி இலை போட்டு, அவங்களுக்குப் புடிச்சத வச்சு, சாப்பிட நேரமும் குடுக்குற சனங்க நாம. உசிரோட இருந்து அந்தக் கறிக்குக் காசும் அனுப்பினவளுக்குப் படம் காட்டினாப் போதும்னு எப்படி நெனச்சோம்?

போன வருஷம் இதச் சொன்னப்ப ஒரு தம்பி, "அக்கா, இப்ப போனாவது இருக்கே, அந்தக் காலத்துல வெறும் லெட்டர்தானே"ன்னு எழுதியிருந்தார். அந்த லெட்டரப் பத்தி எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். எங்க பாட்டியோட தம்பி, மலையகத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப 1964ல போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போனவர். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கருந்து கோத்தகிரி. அங்கயும் தேயிலைதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் லெட்டர் வரும். அதுல அவர் என்ன ஆக்கினாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு எழுதியிருப்பார். தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டு கட்டசம்பல் இடிச்சா "சிலோன்காரன் வீட்டு வாசம்"னு பக்கத்து வீட்டுல சொல்றாங்கன்னு ஒரு தடவை எழுதியிருந்தாராம். இங்க நம்மள இந்தியத் தமிழர்ன்னு எழுதினாங்க, அங்க போனா சிலோன்காரன். அது வேற கதை, இன்னொரு நாள் பேசலாம். நான் சொல்ல வந்தது, பாட்டி அந்த லெட்டர மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேப்பாங்க. தம்பி என்ன சாப்பிட்டான்னு கேக்குறதுக்கு. லெட்டர்ல தூரத்துல இருக்குறவங்க சாப்பாடு நம்ம வீட்டுக்கு வந்துச்சு. இப்ப போன்ல நம்ம சாப்பாடு மட்டும் அங்க போகுது.

நான் வேலை செஞ்ச வீட்டுக்காரங்க கொடுமைக்காரங்க இல்ல. பண்டிகைச் சாப்பாடுன்னா என்னன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். நோன்பு மாசம் முழுக்க நான் அந்த அடுப்படியில நின்னவ. கோதுமையும் இறைச்சியும் மணிக்கணக்கா வேக வச்சு அடிச்சு மசிச்சா ஹரீஸ். குபூஸப் பிச்சுப் போட்டு மேல கறிச்சாறு ஊத்தினா தஷ்ரீப். பெரிய பாத்திரத்துல மச்பூஸ்னு இறைச்சிச் சோறு. சம்பூசா மடிச்சு மடிச்சு விரல் மரத்துப் போகும். லண்டன்ல படிச்ச அவங்க மூத்த மகன் ஒரு பெருநாளுக்கு வர முடியாதுன்னு சொன்னப்ப, அந்த வீட்டம்மா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல்ல. போன்ல அவன்கிட்ட முதல்ல கேட்டது, அங்க உனக்கு யார் ஆக்கித் தந்தான்னுதான். நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். இவங்களுக்குச் சொன்னாப் புரியும்னு எனக்கு அப்பதான் தைரியம் வந்துச்சு.

இருந்தாலும் 2018ல தீபாவளிக்கு லீவு கேட்டப்ப விருந்தாளி வர்றாங்க, முடியாதுன்னு சொல்லிட்டாங்க. 2019ல ஒரு மாசத்துக்கு முந்தியே வீட்டுப் பெரியம்மாகிட்ட, அந்த வீட்டம்மாவோட மாமியார்கிட்ட, கேட்டேன். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிறு. அங்க வெள்ளியும் சனியும்தான் லீவு, ஞாயிறு வேலை நாள். "உன்னோட ஈதா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். லீவு இல்ல, ஆனா மத்தியானத்துக்கு மேல அடுப்படி உனக்குன்னு சொல்லி ஒரு கோழியும் எடுத்துத் தந்தாங்க.

ஊருக்கு வந்துட்டுத் திரும்பின நோர்வூட் அக்கா ஒருத்தங்க, எங்க மாமியார் வறுத்து அரைச்ச கறித்தூள் கொண்டு வந்து தந்திருந்தாங்க. பக்காலா, அதான் மளிகைக் கடை வச்சிருந்த மலையாளி அண்ணன், எனக்குத் தீபாவளின்னு சொன்னதும் கறிவேப்பிலைக்குக் காசு வாங்கல்ல. சோறு, கோழிக்கறி, பருப்பு, ரசம், உளுந்து வடை, சேமியாப் பாயாசம். வடையில ஓட்டை சரியா விழல்ல. தோசைக்கு மாவு அரைக்க நேரம் கிடைக்கல்ல. பாயாசத்த ருசி பார்த்த பெரியம்மா, "இது எங்க பலாலீத் மாதிரியே இருக்கு"ன்னாங்க. அவங்களும் சேமியாவ ஏலக்காய், சீனி போட்டு இனிப்பா ஆக்கி மேல முட்டை வச்சுச் சாப்பிடுவாங்க. என்னோட அறை ஜன்னல் ஓரத்துல ஒரு தட்டுல எல்லாத்துலயும் கொஞ்சம் வச்சு, மாமனாரையும் எங்க அப்பாவையும் கூப்பிட்டேன். கடல் தாண்டி வருவாங்களான்னு யோசிக்கல்ல. எங்க பூட்டனுங்க கடல் தாண்டி வந்தவங்கதானே.

பொறகு மூணு பேர் சாப்பிட்டோம். கூட வேலை செஞ்ச பிலிப்பைன்ஸ் புள்ள கரண்டியால சாப்பிட்டுச்சு. கடப்பாவுல இருந்து வந்த டிரைவர் அண்ணன் பின்கதவுப் படியில உட்கார்ந்து ரசத்த மட்டும் மூணு தடவை வாங்கிக் குடிச்சார். அவருக்கும் அன்னைக்குத் தீபாவளிதான். ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருந்தும் அதப் பேசிக்கிட்டதே இல்ல.

தட்டப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மாமியார் உடனே எடுத்தாங்க. "காலையில இருந்து கறி தொண்டையில நின்னுச்சு, இப்பதான்டி இறங்குது"ன்னாங்க.

இவ்வளவையும் எழுதுறது ரெண்டு பேருக்காக. முதல்ல வீட்டுல இருக்குறவங்க. இலைக்கு முன்னால போன் வைக்கிறத நிப்பாட்டுங்க. அவ வேலையெல்லாம் முடிச்சு உட்கார்ற நேரம் அங்க ராத்திரி பத்துன்னா, இங்க பன்னிரண்டரை. ஒரு நாள் முழிச்சிருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது. எடுத்ததும் "நீ என்ன சாப்பிட்ட?"ன்னு கேளுங்க. யாராவது போறாங்கன்னா கால் கிலோ கறித்தூள் குடுத்து விடுங்க. 2021 மார்கழியில நான் வந்து இறங்கின அன்னைக்கு எங்க மாமியார் தீபாவளி போட்டாங்க. முறுக்கு, அதிரசம், தோசை, ஆட்டுக்கறி, படையல், எல்லாம். லயத்துல, எங்க வரிசை வீடுகள்ல, சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னுட்டாங்க. என்னை அடுப்படிப் பக்கமே விடல்ல.

அடுத்தது போகப் போற பிள்ளைங்க. குவைத்துல 2015ல வந்த 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வேலைக்காரங்களுக்குன்னே இருக்கு. வாரத்துல ஒரு நாள் லீவு, வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோட லீவு, ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல வேலை இல்ல. இது எனக்குத் தெரிய வந்தது நாலாவது வருஷம், டிரைவர் அண்ணன் சொல்லி. போறதுக்கு முந்திப் பயிற்சி எடுத்த இடத்துல ஓவன் அடுப்பும் துணி மெஷினும் காட்டினாங்க, லீவுக்கு அரபியில இஜாஸான்னு சொல்றதுன்னு யாரும் சொல்லித் தரல்ல. சட்டம் இருக்குன்னு கேட்டதும் குடுத்துட மாட்டாங்க, எனக்கும் வாராந்த லீவு கடைசி வரைக்கும் கிடைக்கல்ல. பேசவே பயப்பட வேண்டிய வீடுகள்ல மாட்டியிருக்குற பிள்ளைங்களுக்குக் கேளுங்கன்னு நான் புத்தி சொல்ல மாட்டேன், அவங்களுக்கு வேண்டியது வேற உதவி. ஆனா கேக்கக்கூடிய வீடுன்னா முதல் மாசமே கேளுங்க. நோன்பு வர்றதுக்கு முந்தியே உங்க பண்டிகை என்னைக்குன்னு அவங்க காதுல போட்டு வைங்க.

எங்க லயத்துல பக்கத்துக் காம்பரா, அதான் பக்கத்து வீட்டுப் புள்ள வர்ற மாசம் குவைத்துக்குப் போகுது. நேத்து எங்க வீட்டுலதான் அதுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்தோம். லயம் முழுக்கத் தும்மல். மாமியார் இன்னொரு பிடி கறிவேப்பிலையப் போட்டு, தூள மூணு பையா மடிச்சு ஒட்டினாங்க. ஒரு பை மேல 2026 தீபாவளி நாள நான் பேனாவால எழுதி விட்டேன்: நவம்பர் 8, ஞாயிறு, இஜாஸா. அந்தப் புள்ள அத எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு, "அக்கா, அங்க ஆட்டுக்கறி கிடைக்கும்ல?"ன்னு கேட்டுச்சு.