கேக்கா? எங்க பக்கம் கச்சாயம்தான், அதிரசம் மாதிரி வெல்லப் பாகுல செய்யற பலகாரம்
கிராமத்துல கிறிஸ்மஸ்னா கேக்கு, டவுன்ல பாத்து காப்பியடிச்சதுன்னு கட்டுரைல ஒரு வரி போற போக்குல எழுதிருக்கீங்க, அத ஒத்துக்க முடியல. கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரி மாதிரி ஊருங்கள்ல தலைமுறை தலைமுறையா கோயிலுக்குப் போற கிறிஸ்துவக் குடும்பங்க இருக்கு, 1997ல தர்மபுரி தனி மறைமாவட்டம், அதாவது தனி பிஷப்புக்குக் கீழ வர்ற பகுதி, ஆகறதுக்கு முன்னாடி நாங்கல்லாம் சேலம் மறைமாவட்டத்தோடதான். எங்க வீட்ல கேக்குன்னு ஒன்ன நான் பாத்ததே காலேஜ் போனப்புறம்தான், அதுவரைக்கும் கச்சாயம், முறுக்கு, ஒப்பட்டுங்கற போளி, அவ்ளோதான். கச்சாயத்துக்கு ஆயா பாகு பதம் பாக்க ஒரு சொட்டு தண்ணில விட்டு விரல்ல உருட்டும், உருண்டா சரி, கரைஞ்சா எங்களுக்குத்தான் திட்டு. மேல கமெண்ட்ல ஒருத்தர் ஸ்டாரெல்லாம் கடைச்சரக்குன்னு சொல்லிருக்காரு, இப்ப சரிதான், ஆனா எங்க மாமா மூங்கில் சீவி காத்தாடி பேப்பர் ஒட்டித்தான் கட்டுவாரு, பனில நனைஞ்சு காலைல தொங்கிப் போயிருக்கும். விடிஞ்சதும் பக்கத்து வீடுகளுக்கு தட்டு போவும், அவங்க சாமி வேற, ஆனா தட்ட வெறுமனே திருப்ப மாட்டாங்க, மார்கழி இல்லீங்களா, பச்ச அவரக்கொட்ட ரெண்டு கை அள்ளிப் போட்டுதான் அனுப்புவாங்க, அன்னிக்கு மத்தியானம் கறிக்கொழம்புல அதுவும் சேந்துரும். கிறிஸ்மஸ் குடிலுக்கு கேவுரு தாள்தான் (கேழ்வரகு வைக்கல்) கூரை, ஒரு வருசம் நாங்க பூசைக்குப் போயிருந்த நேரத்துல கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு வந்து கூரையோட மொளப்பாரியையும் சேத்து தின்னுட்டு அங்கயே படுத்துக் கெடந்துச்சு.