மராமத்து நோட்டு

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம் கரையில் எங்கள் விசைப்படகு சும்மா கிடந்தது, பிளஸ் ஒன் முடித்த என் பையனும் போனும் கையுமாகச் சும்மா கிடந்தான். இந்த முறை நான் திட்டவில்லை. மராமத்துக் கணக்கு நோட்டையும் முதல் தவணையாக 40,000 ரூபாயையும் கையில் கொடுத்து, தச்சர் கூலி, பெயின்ட், ஆணி எல்லாம் இனி உன் பாடு என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரமே நாலு இடத்தில் விசாரிக்காமல் ஒரே கடையில் பெயின்ட் எடுத்து, மூவாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தான். பில்லைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன் பாருங்கள், கடலில்கூட நான் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. "சின்னப் பிள்ளைகிட்ட யாராவது இவ்வளவு காசைக் கொடுப்பாங்களா?" என்று கேட்ட வீட்டுக்காரம்மா, இரண்டு நாள் சோறு மட்டும்தான் போட்டாள், பேச்சில்லை. நாலாம் நாள் அவனே வந்தான்: "அத்தா, ராம்நாட்டுல விலை கேட்டேன், நான் ஏமாந்துட்டேன்." அதற்கப்புறம் அவன் தச்சரிடம் கூலி பேசியதைப் பார்க்கணுமே, தச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று பதினேழு வயது வரை சொல்லிவிட்டு, பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எந்தப் படிப்பு, எந்த ஊர், சொல்லு என்று பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்கிறோம். பெருநாள் சட்டையைக்கூடத் தானாக எடுத்திராதவன் என்ன சொல்வான்?

கலாம் மாதிரி வா என்று சொல்லாத ஆள் எங்கள் பக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயம் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளை எடுத்து ஊருக்குள் போடும் வேலையை, பள்ளிக்கூடப் பையனான அவரை நம்பி ஒரு உறவுக்காரர் கொடுத்தாரே, அதை மட்டும் யாரும் பேசுவதில்லை. படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லவில்லை, பத்தாவதோடு கடலுக்குப் போனவன் நான், அதன் நஷ்டம் எனக்குத் தெரியும்.

சரி, என் பக்கத்துக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டாள்: "எனக்கு எந்த நோட்டு, அத்தா?" பதில் வரவில்லை. தீவுப் பக்கம் கடலில் முங்கிக் கடல்பாசி எடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் பெண்களைத் தினம் பார்க்கிறேன், ஆனால் இவளை முக்குக் கடைக்குத் தனியாக அனுப்பியதில்லை. ஜூன் 15 படகு இறங்குகிறது. ஐஸ், டீசல் கணக்கு இனி அவள்தான் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன்காரனுக்கு இப்பவே முகம் சரியில்லை.