ரியல்-டைம்: ஹைஃபன் எல்லா இடத்திலும் வராது

"ரியல்-டைம் (real-time, நிகழ்நேரம்) என்பது தொழில்நுட்பச் சொல், ஆங்கிலத்தில் எங்கே வந்தாலும் நடுவில் ஹைஃபன் (சொற்களை இணைக்கும் சிறு கோடு) போட்டே ஆக வேண்டும்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி.

அடுத்து வரும் பெயர்ச்சொல்லை விவரிக்கும்போதுதான் ஹைஃபன் தேவை: 'ரியல்-டைம் டேட்டா', 'எ ரியல்-டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. 'வி டிராக் தி பஸ் இன் ரியல் டைம்' என்ற வாக்கியத்தில் 'டைம்' பெயர்ச்சொல், 'ரியல்' அதற்கு அடைமொழி. அங்கே ஹைஃபனுக்கு வேலையே இல்லை. செயலி விளம்பரம் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அதற்காக 'இன் ரியல்-டைம்' என்று தேடி எல்லாவற்றையும் ஒரேயடியாக ரீப்ளேஸ் செய்துவிடாதீர்கள். 'டிலேஸ் இன் ரியல்-டைம் சிஸ்டம்ஸ்' என்பதிலும் 'இன்' இருக்கிறது. ஆனால் 'ரியல்-டைம்' அங்கே 'சிஸ்டம்ஸ்' என்பதை விவரிக்கிறது, ஹைஃபனை எடுத்தால் தப்பு. ஒவ்வொன்றாக நிறுத்தி, அடுத்த சொல்லைப் பார்த்து மாற்றுங்கள்.

'தி டிஸ்ப்ளே இஸ் ரியல்-டைம்' என்று கடைசியில் வந்தால்? இதில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. 'தி டிஸ்ப்ளே அப்டேட்ஸ் இன் ரியல் டைம்' என்று மாற்றிவிட்டால் வம்பே இல்லை.

இன்னொன்று: "ரியல்-டைம் என்றால் ரொம்ப வேகமானது" என்பதும் சரியல்ல. கணினித் துறையில், குறித்த கெடுவுக்குள் வேலை முடிய வேண்டும் என்பதே அதன் பொருள். கார் மோதியபின் ஏர்பேக் தாமதமாக விரிந்தால், கணக்கீடு சரியாக இருந்தும் பயனில்லை. வெறும் வேகத்தைச் சொல்ல 'ஃபாஸ்ட்' போதுமே.