பைனஸ் மட்டும்தான் காடா?

போன கிழமை முழுக்க அந்தப் படத்தைத்தான் பகிர்ந்து தள்ளினீர்கள். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கண்டிப் பக்கத்து ஹந்தானை மலையில், பைனஸ் மரங்களுக்கு நடுவே, பனிமூட்டத்துக்குள் நின்று எடுத்தது. மேலே ஒரு வரி: "இதல்லவா காடு! எங்கட வன்னியில இருக்கிறது வெறும் பத்தை." அதற்கு இதயக்குறி போட்டவர்களில் பாதிப்பேர் கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரர். வாழ்க.

நானும் அங்கே போயிருக்கிறேன். அழகுதான், அந்தக் குளிரும் காலுக்குக் கீழே மெத்தென்று கிடக்கும் ஊசியிலைச் சருகும் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் அது காடில்லை, தோட்டம். இலங்கைக்கென்று ஒரு பைனஸ் இனமும் கிடையாது. கரீபியன் பைனஸ் மத்திய அமெரிக்கா, கியூபா பக்கத்து மரம். கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் புல்வெளிகளிலும் வரிசை பிடித்து நட்டார்கள். கீழே செடிகொடி குறைவு, பறவைச் சத்தமும் குறைவு, வறட்சியில் அந்தச் சருகு பற்றினால் மலைச்சரிவே எரியும்.

"மண்ணரிப்பைத் தடுக்கத்தானே நட்டார்கள்?" என்று ஒருவர் வருவார். சரி, மொட்டை மலைக்கு ஏதோ ஒரு மரம் வேண்டியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்தில் 1991 முதல் பைனஸ் நிழலிலேயே நாட்டு மரக்கன்றுகளை வளர்த்தும் காட்டியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் பைனஸைக் காடாக மாற்றப் பாடுபடுகிறார்கள், நீங்கள் அதையே காடு என்கிறீர்கள்.

"வன்னியில முள்ளும் வெயிலும்தானே" என்று எழுதிய தம்பி, பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று நாலு மரத்தையாவது பார்த்து அடையாளம் சொல்வீரா? பாலைப்பழக் காலத்தில் அப்பு எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனால் முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். "பொறு, மேல ஆள் இருக்குதோ தெரியாது." ஆள் என்றால் கரடி. அந்தக் காடுதான் உமக்குப் பத்தை.

அதையும் விடுங்கள். இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவுக்குள் வன இலாகாவின் எல்லைக்கல் நின்றது. ஆளில்லாத காலத்தில் மரம் முளைத்துவிட்டதாம், ஆகவே அது காடாம். அம்மா காணிப் பெர்மிட்டைக் காட்டினார், கிணற்றுக்கட்டைக் காட்டினார். வந்தவர் வரைபடத்தைக் காட்டினார். அவர்களுக்கு எங்கள் வளவு காடு, உங்களுக்கு எங்கள் காடு பத்தை. நல்ல நியாயம். அம்மா இன்னும் அந்தப் பெர்மிட்டோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார்.

டூர் போகவேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மலையகத்துக்கு எதிரி என்று யாராவது கீழே வந்து எழுதினால் பதில் சொல்லமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.